மரப்பெட்டியில் வைத்த கடிதம்: லா ஷப்பேலிலிருந்து ஒரு கோட்டை விருந்துக்கு

1987 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸுக்குக் கிழக்கே எண்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு சின்னக் கோட்டைக்குப் போனேன். அறுநூறு வருஷத்துக்கு முன் அங்கே என்ன சாப்பிட்டிருப்பார்களோ அதை நூற்றிருபது பேருக்குச் சமைப்பதற்காக. இந்த மாதிரி விழாக்களுக்கு எப்படிப் போவது, என்ன செலவாகும், மசாலா எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தவர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். போன மாதமும் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் பாண்டிச்சேரியில் பிறந்தவள், பிரெஞ்சுப் பிரஜை. பாரிஸின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் குடியிருக்கிறேன். பாரிஸில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கல்லூரியில் படித்தது சரித்திரம். அது எங்கும் உதவவில்லை. நாற்பதாவது வயதில், அலுவலகத்தோழி ஒருத்தி மூலமாக, பழங்கால வாழ்க்கையை அப்படியே வாழ்ந்து பார்க்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். வருஷத்தில் மூன்று நான்கு ஞாயிறுகள் ஏதாவது கோட்டையில் கூடுவார்கள். சிலர் வாள் சுழற்றுவார்கள், சிலர் நூல் நூற்பார்கள். என்னைச் சமையலில் போட்டார்கள். குழுவில் நாற்பது பேர். வெள்ளைக்காரர் அல்லாதவள் நான் ஒருத்திதான்.

இந்தச் சமையலில் கட்டுப்பாடு அதிகம். உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது, மிளகாய் கூடாது, வான்கோழி கூடாது. அதெல்லாம் அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை. இனிப்புக்குத் தேன், கொஞ்சம் சர்க்கரை. புளிப்புக்குக் காய் திராட்சையின் சாறு. ஆனால் மசாலாவில் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் நம்மை மிஞ்சியவர்கள். குறிப்புகளைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் திப்பிலி, வால்மிளகு, சித்தரத்தை, சாதிபத்திரி எல்லாம் அவர்கள் குழம்பில் இருந்திருக்கின்றன. குழுவினர் மூன்று வருஷமாகத் திப்பிலிக்குப் பதிலாகச் சாதாரண மிளகைப் போட்டுச் சமாளித்துவந்தார்கள். இரண்டு பார்மசியிலும் ஒரு மூலிகைக் கடையிலும் கேட்டுவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். நான் வாங்கி வருகிறேன் என்றேன்.

திப்பிலி தேடுகிறவர்கள் ரூ காய் என்கிற தெருவுக்குப் போங்கள். காரே து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் எட்டு நிமிஷம். மெத்ரோவில் வந்தால் லா ஷப்பேல் நிலையத்தில் இறங்கி மூன்று நிமிஷம். அப்போது அங்கே தமிழ்க்கடைகள் சிலவே இருந்தன. நான் நுழைந்த கடையில் முருங்கைக்காய்க் கட்டுக்கும் சேலைப் பெட்டிகளுக்கும் நடுவே ஒருவர் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். திப்பிலி இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஓம், இருக்கு. எவ்வளவு?”

“அரைக் கிலோ.”

மூட்டையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அரைக் கிலோவோ? எத்தினை பேருக்கு அக்கா பிள்ளை பிறந்திருக்கு?”

பிரசவமான வீட்டுக்குத்தான் அங்கே அந்தச் சரக்கு போகும், அதுவும் ஐம்பது கிராம். பிரெஞ்சு ராஜா காலத்து விருந்துக்கு என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவருக்கும் சளியோ?” என்று கேட்டார். அப்படித்தான் யோகநாதன் எனக்குப் பழக்கமானார். அந்த வருஷத் தொடக்கத்திலிருந்து மாதம் இரண்டு முறையாவது கடைக்குப் போவேன். திப்பிலி நூறு கிராம் பதினான்கு பிராங்க், வால்மிளகு பதினெட்டு, சித்தரத்தை ஒன்பது. விலை இப்போது கொஞ்சம் ஏறியிருக்கும்.

யோகநாதன் யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையில் மனேச்சராக இருந்தவர். ஊர்க்கோயில் திருவிழாவில் வருஷாவருஷம் ஐந்நூறு பேருக்கு அன்னதானச் சமையலை முன்னின்று நடத்தியவர். பாரிஸுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். மனைவி சிவமலரும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அவர்களை அழைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும், அதுதான் சிக்கல். “மூத்தவள் நிர்மலாவுக்கு வாற மாசியோடை பதினெட்டு முடியுது” என்று என்னிடம் மூன்று நான்கு முறை சொல்லியிருக்கிறார். மாசி என்றால் அவர்கள் கணக்கில் பிப்ரவரி. பதினான்கு மாதம் காத்திருந்த பிறகு நேர்காணலுக்குத் தேதி வந்தது: ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

விருந்து அதற்கு முந்தின நாள் ஞாயிறு. அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் பாதாம்பால். அந்தக் காலத்தில் விரத நாள் பல, பசும்பால் ஆகாது, எல்லாவற்றுக்கும் பாதாம்பால்தான். அரிசி, கோழி, பாதாம்பால் சேர்த்து ‘வெள்ளைச் சாப்பாடு’ என்று ஒன்று செய்வார்கள். நாங்கள் செய்தது எப்போதும் மணல்போல் நறநறவென்று இருக்கும். இதைக் கடையில் சொன்னபோது யோகநாதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்களுக்குத் தேங்காய்ப்பால் பிழியத் தெரியாதோ அக்கா? உதுவும் அதுதானே. முதல் பாலை எடுத்து வையுங்கோ. ரெண்டாம் பாலிலை அரிசியை வேகவிட்டு, இறக்கேக்கை முதல் பாலை விடுங்கோ.” சரித்திரம் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

குழுவில் கேட்டேன். சம்மதித்தார்கள். ரயில் செலவு, சாப்பாடு, இருநூறு பிராங்க். யோகநாதன் தயங்கினார், மறுநாள் நேர்காணல் இருக்கிறதே என்றார். பிறகு அவரே, அறையில் குந்திக்கொண்டு யோசிப்பதைவிட அடுப்படியில் நிற்பது நல்லது என்று வரச் சம்மதித்தார். மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ பக்கம் ஒரே அறையில் ஆறு பேருடன் இருந்தார் அவர். பூட்டுப் போட இடமில்லாத அறை. அதனால் ரெசெபிசே என்கிற தற்காலிக அனுமதித்தாளையும் அழைப்புக் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டே திரிவார். குளிக்கும்போதுகூடக் கண்ணுக்கெதிரே ஆணியில் தொங்கும் என்று கடையில் கேலி செய்வார்கள்.

இனி பயணம். காலை ஆறே முக்காலுக்கு லா ஷப்பேல் மெத்ரோ வாசலில் சந்தித்தோம். நான் கார்ஜிலிருந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து வந்திருந்தேன், ஒன்பது பிராங்க். மசாலா, வடிகட்டும் துணி, பதினைந்து கிலோ பாதாம். காரே து லெஸ்ட் நிலையத்துக்கு நடந்தே போனோம், ஒன்றேகால் கிலோமீட்டர், சுமையோடு இருபத்தைந்து நிமிஷம். சுமை இருந்தால் நடக்காதீர்கள், மெத்ரோ ஏறுங்கள். 7.38 ரயில். ஒரு வழி நாற்பத்தொரு பிராங்க். ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் கூட்டமே இல்லை. பாரிஸைத் தாண்டி அரைமணி நேரத்தில் கோதுமை வயல்கள் வந்துவிடும். யோகநாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மறுநாள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் திருத்தினேன். எப்போது வீட்டை விட்டு வெளியேறினீர்கள், யாரெல்லாம் உடன் இருந்தார்கள், ஏன் திரும்பிப் போக முடியாது. திருத்தத் திருத்த நான் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன். 8.50க்கு இறங்கினோம். அங்கிருந்து கோட்டை ஆறு கிலோமீட்டர். குழுவின் செயலாளர் மொரீஸ் காரில் வந்திருந்தார். அவர் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியர். ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை.

கோட்டை வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் அளவு, இரும்புப் பட்டை அடித்தது. உள்ளே போகும் எல்லோரும் இந்தக் காலத்துச் சாமான்களை அதில் போட்டுவிட வேண்டும். கைக்கடிகாரம், பர்ஸ், லைட்டர், சாவி, பிளாஸ்டிக் எதுவானாலும். ஒரு துணிப்பையில் போட்டு, எண் எழுதிய மரச்சில்லைக் கட்டிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மாலையில் சில்லைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து முப்பத்தேழாம் எண். யோகநாதன் கடிகாரத்தையும் பர்ஸையும் கொடுத்தார். நாரில் நெய்த அங்கியும் தோல் வாரும் கொடுத்து உடுத்தச் சொன்னார்கள். உடுத்திக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து, கோயில் அய்யர் மாதிரி இருக்கிறதோ என்று கேட்டார். எனக்குத் தலையை மூடிய வெள்ளைத் துணி. அதைப் பார்த்து, கான்வென்ட் சிஸ்டர் மாதிரி இருக்கிறது என்றார்.

சமையல் கோட்டைக்குப் பின்முற்றத்தில். மூன்று விறகடுப்பு, இரண்டு இரும்புக் கொப்பரை. குழுவில் அடுப்பு மூட்டுவது என்றால் ஒரு மணி நேரப் புகை. யோகநாதன் பத்து நிமிஷத்தில் மூன்றையும் எரியவிட்டார். மரவாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு கனவான்களும் சீமாட்டிகளும் வரிசையாக வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஊரிலை நாங்கள் கரண்ட் இல்லாமல், கிணத்துத் தண்ணி அள்ளிக்கொண்டு இருக்கேக்கை ஒருத்தரும் பாக்க வரேல்லை அக்கா. இஞ்சை இவை டிக்கெட் எல்லோ போட்டிருக்கினம்.”

டிக்கெட் நாற்பது பிராங்க் என்றேன். அப்படியானால் ஊரில் தான் பெரிய பணக்காரனாக இருந்திருக்கிறேன் என்றார்.

பாதாமைச் சுடுநீரில் ஊறவைத்துத் தோலை உரித்தோம். கல் உரலில் அரைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, துணியில் முறுக்கிப் பிழிந்தார். முதல் பால் தயிர்போல் திக்காக வந்தது. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அளவு: பாதாம் ஒரு பங்கு, தண்ணீர் முதல் பாலுக்கு ஒரு பங்கு, இரண்டாம் பாலுக்கு மூன்று பங்கு. கோழியை வேறாக வேகவைத்து நார்நாராகப் பிய்த்து வையுங்கள். அரிசி குழைந்த பிறகு கோழியைச் சேர்த்து, இறக்கி வைத்து முதல் பாலை விடுங்கள். மேலே வறுத்த பாதாம், சர்க்கரை, ஒரு சிட்டிகை சித்தரத்தைப் பொடி. முதல் பால் விட்ட பிறகு கொதிக்கவிடாதீர்கள், திரிந்துபோகும்.

பதினொன்றரை மணிக்கு உடைப் பொறுப்பாளர் மிரேய் சமையலிடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். நல்ல பெண்மணி, ஆனால் தையல் நூல்கூட நைலானாக இருக்கக் கூடாது என்று நினைப்பவர். யோகநாதன் குனிந்து கொப்பரையைக் கிளறியபோது அங்கிக்குள்ளிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. மிரேய் நின்றுவிட்டார். என்ன அது என்று அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். பிளாஸ்டிக் கவர் என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது அவருடைய அனுமதித்தாள், அவர் அதைக் கழற்ற முடியாது என்று ஒரே ஒரு வாக்கியம் பிரெஞ்சில் சொல்லியிருக்கலாம். மிரேய் சரி என்றிருப்பார். நான் சொல்லவில்லை. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பயம். விதியில் ஏதாவது குறை வந்தால், பார், இவளுக்கு இது விளங்காது என்று நினைத்துவிடுவார்களோ என்று. அதனால் மற்ற எல்லோரையும்விட நான் கறாராக இருப்பேன். அன்று நான் அழைத்து வந்த ஆளாலேயே குறை வரக் கூடாது என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. என் அடையாள அட்டை வீட்டு மேசை டிராயரில் மாதக்கணக்கில் கிடக்கும். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு தாளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிவது எனக்கு, மனதுக்குள், கொஞ்சம் மிகையாகத்தான் பட்டது. அவரைக் கேலி செய்த கடைக்காரர்களோடு நானும் சிரித்தவள்தானே.

“குடுங்க யோகநாதன். பெட்டியில வச்சிடலாம்.”

“அக்கா, நித்திரையிலையும் நான் இதைக் கழட்டினதில்லை.”

“பெட்டிக்குப் பூட்டு இருக்கு. என் பொறுப்பு. சாயங்காலம் நானே வாங்கித் தரேன்.”

“நாளைக்கு ஒன்பதரைக்கு அங்கை நிக்கவேணும்.”

“தெரியும். குடுங்க.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பி, முடிச்சை அவிழ்த்தார். கவரை மிரேயிடம் நீட்டவில்லை, என் கையில்தான் கொடுத்தார். வியர்வையில் சூடாக இருந்தது. நான் வாசலுக்குப் போய் மொரீஸிடம் கொடுத்தேன். முப்பத்தேழாம் பை அடியில் போய்விட்டது, தேடி எடுக்க வேண்டாம் என்று மொரீஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் இருந்த தட்டில் செருகினார். நான் தலையாட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்பினேன்.

விருந்து மதியம் ஒன்றுக்கு ஆரம்பித்தது. தட்டு கிடையாது, தடித்த ரொட்டித் துண்டின்மேல் பரிமாறுவோம், கையால் சாப்பிட வேண்டும். நாகரிகமான பாரிஸ்காரர்கள் விரலை நக்குவதைப் பார்க்க யோகநாதனுக்கு ஒரே சந்தோஷம். குழம்பில் திப்பிலியின் காரம் மெல்ல, நின்று ஏறுவதை முதன்முறையாக எல்லோரும் உணர்ந்தார்கள். வெள்ளைச் சாப்பாடு நறநறக்கவில்லை. இரண்டு கொப்பரையும் காலி. மொரீஸ் எழுந்து நின்று, நான்கு வருஷத்தில் இதுதான் முதல் உண்மையான விருந்து என்று சொல்லி எங்கள் இருவரையும் முன்னே அழைத்தார். கைதட்டினார்கள். எனக்கு அப்படிக் கைதட்டல் அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாதியிலேயே மூடியின் உள்தட்டு வந்துவிடுகிறது.

நாலரைக்கு இடி. ஐந்து மணிக்குக் கொட்டும் மழை. பந்தல்கள் சரிந்தன, எல்லோரும் வண்டிகளுக்கு ஓடினார்கள். பெட்டி வாசல் வளைவுக்குக் கீழே இருந்தது. மொரீஸ் பைகளை வெளியே எடுத்து எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். யோகநாதன் பின்முற்றத்தில் கொப்பரைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார், அதனால் வரிசையில் நான் நின்றேன். முப்பத்தேழு. பை வந்தது. என் பின்னால் நாற்பது பேர் நனைந்துகொண்டிருந்தார்கள். 18.20 ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் பையை வாங்கிக்கொண்டு பின்முற்றத்துக்கு ஓடி, எல்லாம் வாங்கியாச்சு, கிளம்புங்க என்றேன். அவர் பையைத் திறந்து பார்க்காமலே கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சொன்னால் அவருக்குப் போதும்.

ரயிலில் இருவருமே தூங்கிவிட்டோம். பாரிஸ் வர இருபது நிமிஷம் இருக்கும்போது அவர் விழித்து, பழக்கத்தில் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து துணிப்பையை எடுத்து மடியில் கொட்டினார். இரண்டு கடிகாரம், இரண்டு பர்ஸ், ஒரு சீப்பு.

“அக்கா, அந்தக் கவர் உங்கடை பையிலையோ?”

என் பையை ஒரு தடவை பார்த்தேன். அதில் இல்லை என்று தெரிந்தே இன்னொரு தடவையும் பார்த்தேன்.

19.35க்கு காரே து லெஸ்டில் இறங்கியதும் டெலிபோன் கூண்டில் நின்று மொரீஸின் வீட்டுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. வழியில் தாயார் வீட்டில் இறங்கிவிட்டாராம், பிறகு தெரிந்தது. யோகநாதன் கூண்டுக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தால் நானே போய் எடுத்து வருகிறேன், நீங்கள் நேராக நேர்காணல் அலுவலகத்துக்குப் போய் வாசலில் நில்லுங்கள் என்றேன். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மொரீஸ் டெலிபோனில் கிடைத்தார். பெட்டி, கோட்டையிலிருந்து பதினேழு கிலோமீட்டர் தள்ளி, குழுவின் சாமான்களை வைக்கும் ஒரு பழைய களஞ்சியத்தில் இருந்தது. அவருக்கு எட்டு மணிக்கு வகுப்பு. சாவியை ஊர் ரொட்டிக்கடையில் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். முந்தின நாள் போன அதே 7.38ஐப் பிடித்தேன். அதே நாற்பத்தொரு பிராங்க். நிலையத்தில் டாக்ஸி கிடைக்க நாற்பது நிமிஷம். களஞ்சியத்துக்குப் போய் வர இருநூற்றுப் பத்து பிராங்க். மூடியைத் திறந்தேன், கவர் வைத்த இடத்திலேயே இருந்தது, ஒரு சொட்டு மழைகூடப் படவில்லை. திரும்பும் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அந்த அலுவலகத்துக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது மணி இரண்டு பத்து.

தூரத்திலேயே தெரிந்தார். இரவல் வாங்கிய நீலக் கோட்டும் டையும் போட்டு, மதில் ஓரமாக நின்றிருந்தார். காலை எட்டு மணியிலிருந்து நின்றிருக்கிறார். கடிதமும் அனுமதித்தாளும் இல்லாமல் வாசலைத் தாண்டி விட முடியாது என்று காவலாளி சொல்லிவிட்டாராம். நான் கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஓடாதேங்கோ அக்கா. முடிஞ்சுது.”

உள்ளே போய் நான் பேசினேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். காலையிலேயே ‘வரவில்லை’ என்று குறித்தாகிவிட்டது, புதுத் தேதி தபாலில் வரும் என்றார். நவம்பருக்குத்தான் வந்தது. முடிவு அடுத்த மார்ச்சில் வந்தது: ஏற்கப்பட்டார். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் பிறந்த தேதிகளின்மேல் பேனாவை வைத்துக்கொண்டே வந்தார். நிர்மலாவின் வரியில் பேனா நின்றது. பதினெட்டு முடிந்து பத்தொன்பது நாள். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மற்ற இரண்டிலும் முத்திரை குத்தினார்.

ஜூனில் நேர்காணல் நடந்திருந்தால் மாசிக்குள் கட்டாயம் எல்லாம் முடிந்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. யோகநாதனோடு அதே வாரம் அழைக்கப்பட்ட இரண்டு பேருக்கு அக்டோபரிலேயே முடிவு வந்தது என்று தெரியும். யோகநாதன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைக்குப் போனால் முன்புபோலவே திப்பிலி நிறுத்துக் கொடுப்பார், ஆனால் பகிடி விடுவதில்லை. விருந்து நடந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஊரில் சண்டை மூண்டு ஏழு வாரம் கடிதமே வராமல் இருந்தபோதும், தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து அமைதியாக மூட்டை அடுக்கினார். குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். பாதாம்பால் முறையை அவர்கள் இன்னமும் கைவிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சிவமலரும் சின்னவள் வசந்தியும் இந்த வருஷம் ஜனவரியில் வந்து சேர்ந்தார்கள். நிர்மலா யாழ்ப்பாணத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள். வந்த இரண்டாம் வாரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மார்க்ஸ் டோர்மோயில் ஐந்தாம் மாடி, ஒரே அறை, லிஃப்ட் இல்லை. சிவமலர் எனக்கென்று ஊரிலிருந்து ஒடியல் என்கிற பனங்கிழங்கு மாவும் பனங்கட்டியும் கொண்டுவந்திருந்தார். இவருக்குப் பேப்பர் வேலையெல்லாம் செய்து கொடுத்த அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூத்தவளுக்கு வேறு ஏதாவது வழி இருக்கிறதா, படிப்பு விசா மாதிரி ஏதாவது எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன். பிறகு, தட்டில் இடியாப்பம் வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏனக்கா அந்தத் திகதியை மாத்தினவை? ஆனியிலை எண்டெல்லோ இவர் எழுதினவர்.”

நான் யோகநாதனைப் பார்த்தேன். அவர் சொதியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“உவைக்கு உதுதானே வேலை” என்றார். “ஆறப்போகுது, சாப்பிடுங்கோ அக்கா.”

நான் சாப்பிட்டேன். இரண்டு இடியாப்பம் கூடவே வைத்துக்கொண்டேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஜூன் மாதத்தில் போங்கள், ஆனால் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ரயில், கூட்டத்துக்கான டிக்கெட் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது பிராங்கில் முடிந்துவிடும். திப்பிலியை ரூ காயில் முழுசாக வாங்கி வீட்டில் பொடியுங்கள், பொடியாக வாங்காதீர்கள். பாதாமை முந்தின நாளே ஊறவையுங்கள். பெட்டியில் சாமான் வைக்கச் சொன்னால் கடிகாரத்தையும் சாவியையும் கொடுங்கள். அனுமதித்தாள், பாஸ்போர்ட், கடிதம் எதையும் கொடுக்காதீர்கள். ஒரு நார்த்துணிப் பை தைத்து அதில் போட்டு உடம்போடு கட்டிக்கொண்டால் சத்தமும் வராது, யாரும் கேட்க மாட்டார்கள். தைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. நீங்கள் யாரையாவது கூட அழைத்துப் போனால், அந்தப் பையை அவருக்குக் கட்டாயம் நீங்களே தைத்துக் கொடுங்கள். கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் உங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாலும், தர முடியாது என்று நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியும்.

இதை எழுதப்போவதாக யோகநாதனிடம் போன வாரம் சொன்னேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு, சிவமலருக்கு வாசிக்கத் தெரியும் அக்கா என்றார். அதனால்தான் எழுதுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மாடி ஏறிப்போய், இந்தத் தாள்களைச் சிவமலரிடம் என் கையாலேயே கொடுக்கப்போகிறேன். அவர் வாசித்து முடிக்கும் வரை அங்கேயே நிற்பேன்.